புளியங்கொட்டைப் பையும் நாலு சாக்கும்: சின்னப் பிள்ளைகளுக்குக் குதிக்க, எறிய, பிடிக்கப் பழக்குவது எப்படி

எங்கள் அங்கன்வாடி வாசலில் மூன்று படி உண்டு. போன ஆனி மாதம் சேர்ந்த மூன்றரை வயதுப் பையன் ஒருவன் அந்தப் படியில் ஏறுவான், இறங்க மாட்டான். மேல்படியில் நின்றுகொண்டு இரண்டு கையையும் நீட்டுவான். ஆயாம்மா வந்து தூக்கி இறக்க வேண்டும். காலில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் அவனை யாரும் தரையில் விட்டதில்லை, அவ்வளவுதான். அப்பா சிங்கப்பூரில். தாத்தா மடியும் போனும்தான் பையனுக்கு உலகம். அவன் அம்மாவிடம் பேசியபோது, "ஓடுறது குதிக்கிறதெல்லாமா டீச்சர் சொல்லிக்கொடுப்பாங்க? வயசு வந்தா தானா வந்துடாதா?" என்று கேட்டார்.

நீடாமங்கலம் பக்கத்தில், வெண்ணாற்றுத் தண்ணீர் பாய்கிற ஒரு ஊரில் 22 வருஷமாக அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காத வருஷம் கிடையாது. பாதி பதில் ஆமாம்தான். நடை தானாக வரும். ஓட்டமும் ஏறக்குறையத் தானாக வரும். ஆனால் குதித்துவிட்டுப் பதமாகத் தரையில் இறங்குவது, ஓடும்போது நினைத்த இடத்தில் நிற்பது, எறிவது, வருகிறதைப் பிடிப்பது, ஒற்றைக் காலில் நிற்பது, இதெல்லாம் செய்து செய்து பார்த்தால்தான் வரும். செய்து பார்க்க இடம் வேண்டும், பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும். ஐந்து வயதுக்குள் இது கைவராத பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் விளையாட்டில் ஓரமாக நிற்கும். ஓரமாக நிற்பதாலேயே மேலும் கைவராமல் போகும்.

1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் ஆறு சேவைகள் உண்டு, அதில் ஒன்று முன்பருவக் கல்வி. சத்துமாவைத் தெரிந்த அளவுக்கு ஊருக்கு அது தெரியாது. பாட்டும் படமும் மட்டும் அல்ல, உடம்புக்குப் பாடம் சொல்வதும் அதில் அடக்கம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "முட்டியை மடக்கு, கையை வீசு, குதி" என்று சொல்லிப் பார்த்தேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு முட்டி எது என்று யோசிப்பதற்குள் குதிக்கிற ஆசையே போய்விடும். அப்புறம்தான் புரிந்தது: பிள்ளையைத் திருத்தக் கூடாது, இடத்தைத் திருத்த வேண்டும். இடமும் பொருளும் சரியாக இருந்தால் உடம்பு தானே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். கீழே எழுதியிருப்பது எல்லாமே அந்த ஒன்றிலிருந்து வந்ததுதான்.

முதலில் இடம்

எங்கள் பக்கம் இடத்துக்குப் பஞ்சம் இல்லை. களம் இருக்கிறது, கொல்லை இருக்கிறது, கோயில் வாசல் இருக்கிறது. பயப்பட வேண்டியது தண்ணீருக்குத்தான்.

மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடுவதும் ஜூன் 12-ல் திறப்பதும் வழக்கம். நடுவில் உள்ள மாதங்களில் வாய்க்கால் காய்ந்து மணலாகக் கிடக்கும். கரைச் சரிவில் ஓடி இறங்கி மறுபக்கம் ஏறுவதைப் போன்ற நல்ல பயிற்சி வேறு கிடையாது. சில வருஷம் நானே அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். ஒரு வருஷம், வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பில் திறந்துவிட்ட தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு ராத்திரியில் வந்துவிட்டது. காலையில் எங்கள் பிள்ளை ஒன்று வழக்கம்போலக் கரையில் ஓடி இறங்கியது. நாற்றங்காலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் பாவாடையைப் பிடித்து இழுத்துப் போட்டார். நான் பழக்கிய ஓட்டம்தான் அது. நாலு மாதம் மணலைப் பார்த்த பிள்ளைக்குத் தண்ணீர் வந்தது எப்படித் தெரியும்? அன்றோடு வாய்க்கால் பக்கம் விளையாட்டை நிறுத்திவிட்டேன். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் குளமோ வாய்க்காலோ இருந்தால், அதற்கு முதுகைக் காட்டி, நடுவில் வேலியோ சுவரோ இருக்கும்படி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓடுகிற திசை எப்போதும் தண்ணீருக்கு எதிர்த்திசையாக இருக்கட்டும்.

மற்றவை சுலபம். காலை பத்து மணிக்குள், அல்லது சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு. அக்னி நட்சத்திரத்தில் வீட்டுக்குள்ளேதான். தரையில் ஒரு தடவை நடந்து பார்த்து நெருஞ்சி முள், கண்ணாடி, கருவை முள் பொறுக்குங்கள். ரப்பர் செருப்பு வழுக்கும், வெறுங்கால்தான் நல்லது. விளையாட்டு முடிந்ததும் காலை சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், மண்ணில் குடற்புழு இருக்கும். கழுத்துச் சங்கிலி, நீளத் துப்பட்டா, தரையில் புரளும் பாவாடை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு ஒரு டவுசரோடு விடுங்கள். பெண் பிள்ளை குதிக்கக் கூடாது என்று சொல்கிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை, பக்கத்தில் உட்காரவைத்துப் பேத்தி குதிப்பதைப் பார்க்க வைப்பேன். இரண்டாவது நாள் கை தட்டுகிறவர் அந்தப் பாட்டியாகத்தான் இருப்பார்.

சாமான் என்று பெரிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். நாலு சாக்கு, இரண்டு தாம்புக் கயிறு, ஒரு கோரைப்பாய், கோலமாவு, பழைய நைலக்ஸ் புடவைத் துண்டு, ஒரு பெரிய ரப்பர் பந்து, நசுங்கிய எண்ணெய் டின் ஒன்று, அப்புறம் புளியங்கொட்டைப் பை. அந்தப் பையைப் பற்றி கடைசியில் சொல்கிறேன்.

குதிப்பதும் இறங்குவதும்

எல்லோரும் எம்பிக் குதிப்பதைத்தான் பார்ப்பார்கள். நான் இறங்குவதைப் பார்ப்பேன். விறைத்த காலோடு தரையில் வந்து விழுகிற பிள்ளைக்கு முட்டியும் முதுகும் அதிரும், அடுத்த தடவை பயம் வரும். அதனால் இறங்குவதை முதலில் பழக்குங்கள்.

நாலு சாக்கை மடித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அதன் முன்னால் ஒரு செங்கல்லைப் படுக்கை வாட்டில் அசையாமல் பதித்து வையுங்கள். அடியில் வைக்கோல் பரப்பினால் இன்னும் மெத்தென்று இருக்கும். ஆனால் வைக்கோலைப் போரிலிருந்து நேரே உருவிப் போடாதீர்கள். உதறி, வெயிலில் பரப்பி, பூச்சி பொட்டு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். மேலே சாக்கு இல்லாமல் விட்டால் சுணை பட்டு ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருப்பார்கள்.

பிள்ளையைச் செங்கல்லில் ஏற்றி, எதிரில் நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொள்ளுங்கள். "பூனை மாதிரி குதி, சத்தம் வரக் கூடாது, எலி முழிச்சுக்கும்" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். சத்தம் வராமல் இறங்க வேண்டும் என்றால் முட்டி மடங்காமல் முடியாது. நீங்கள் முட்டி என்ற வார்த்தையையே சொல்ல வேண்டியதில்லை. நாலைந்து நாளில் ஒரு கையை விடுங்கள், அப்புறம் இன்னொன்றை. இரண்டு வயதுப் பிள்ளை ஒரு காலை முதலில் வைத்து இறங்கும், அது சரிதான். இரண்டு காலும் சேர்ந்து தரையை விட்டு எழும்புவது இரண்டரை வயதை ஒட்டி வரும். உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம், ஆனால் அந்தப் பிள்ளையின் முட்டி உயரத்தைத் தாண்ட வேண்டாம்.

படியில் நின்ற பையனுக்கு இந்தச் செங்கல்லே பெரிய மலையாக இருந்தது. மூன்று நாள் சாக்கின் மேல் சும்மா நடக்க மட்டும் விட்டேன். நாலாம் நாள் அவனாகச் செங்கல்லில் ஏறி நின்றான், கையைக் கொடுத்தான், கண்ணை மூடிக்கொண்டு குதித்தான். எலி முழித்துக்கொண்டது என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். திரும்ப வரிசையில் வந்து நின்றான்.

நீளம் தாண்ட, இரண்டு தாம்புக் கயிறு போதும். இதற்கு எங்கள் பிள்ளைகள் வைத்த பெயர் வாய்க்கா தாண்டல். கயிறுகளை நேர்கோடாக, ஒரே அகலத்தில் போடாதீர்கள். ஒரு முனையில் நாலு விரல் இடைவெளி, மறுமுனையில் இரண்டடி என்று விரித்துப் போடுங்கள், மதகுப் பக்கம் குறுகலாகவும் கடைமடையில் அகலமாகவும் இருக்கிற மாதிரி. எங்கே தாண்டுவது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். இரண்டு வயது வாண்டு குறுகிய முனையில் தாண்டும், ஐந்து வயதுக்காரி அகன்ற முனைக்குப் போவாள். ஒருவரும் தோற்பதில்லை. பத்து நிமிஷம் விட்டுப் பார்த்தால், குறுகிய முனையில் நின்றவர்கள் தாங்களாகவே அடி அடியாக அகன்ற பக்கம் நகர்ந்திருப்பார்கள். "டீச்சர், நான் பெரிய வாய்க்கா தாண்டிட்டேன்" என்று ஓடிவந்து சொல்லும்போது, எங்கே தாண்டினாய் என்று கேட்டு அந்த இடத்தில் கோலமாவால் ஒரு புள்ளி வையுங்கள். நாளைக்கு அந்தப் புள்ளியைத் தேடி வருவாள்.

கயிற்றை ஒருபோதும் தரையிலிருந்து தூக்கிக் கட்ட வேண்டாம். கால் மாட்டினால் முகம்தான் முதலில் தரையில் படும்.

ஒற்றைக் காலும் வரப்பும்

ஒற்றைக் காலில் நிற்பதற்கு எங்கள் ஊரில் வாத்தியார் கொக்குதான். நடவு வயலில் அசையாமல் நிற்கிற கொக்கைப் பார்த்திராத பிள்ளை இங்கே இல்லை. "கொக்கு எங்கே பார்க்குது? மீனையே பார்க்குது" என்று சொல்லி, எதிரே நாலடி தள்ளி ஒரு பூவரச இலையை மீனாகப் போடுங்கள். கண் ஒரு இடத்தில் நின்றால் உடம்பு ஆடுவது குறையும். மூன்று வயதில் இரண்டு மூன்று நொடி நின்றாலே நல்லது. இரண்டு காலிலும் மாற்றி மாற்றி நிற்க வையுங்கள், இல்லையென்றால் வந்த காலிலேயே நின்றுகொண்டிருப்பார்கள்.

நடப்பதற்கு முதலில் கோலமாவுக் கோடு. பிறகு தரையில் கிடத்திய தாம்புக் கயிறு. வெறுங்காலுக்குக் கயிறு எங்கே இருக்கிறது என்று தெரியும், பார்க்காமலே நடக்கப் பழகும். பிறகு செங்கல் வரிசை. அதற்கப்புறம்தான் வரப்பு. சம்பா அறுத்து முடிந்து உளுந்து பயறும் எடுத்த பிறகு, வயலும் வரப்பும் காய்ந்து கிடக்கிற நாட்களில் மட்டும் கூட்டிப் போங்கள். நடவுக்கு முன்னால் அண்டை வெட்டி மண் அணைத்த வரப்பில் பிள்ளைகளை விட்டால் வயல்காரர் திட்டுவார், அவர் திட்டுவது நியாயம்தான். பயிர் நிற்கும் காலத்தில் வரப்பில் பாம்பும் இருக்கும்.

கோட்டில் நடக்கும் பிள்ளை குனிந்து காலையே பார்க்கும், பார்த்தால் சாயும். "தலையை நிமிர்த்து" என்று நூறு தடவை சொல்வதற்குப் பதில், ஒரு புளியங்கொட்டைப் பையைத் தலையில் வைத்துவிடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது நாத்துக்கட்டு. அம்மா நாத்துக்கட்டைச் சுமந்துகொண்டு வரப்பில் போவதைப் பார்த்திருக்கிறார்கள். பையைத் தலையில் வைத்த அந்த நொடி கழுத்து நேராகும், கண் முன்னால் போகும், இடுப்பு தானாகச் சமன்படும். விழுந்தால் எடுத்து வைத்துக்கொண்டு திரும்ப நடப்பார்கள். இந்த ஒரு விளையாட்டை அரை மணி நேரம் வரை விடாமல் செய்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

நாலரை வயதுக்கு மேல் கொட்டாங்கச்சி நடை. இரண்டு கொட்டாங்கச்சியில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, கவிழ்த்து, மேலே நின்று கயிற்றைக் கையில் பிடித்து நடப்பது. கயிறு பிள்ளையின் இடுப்புக்கு எட்ட வேண்டும். கெட்டியான முற்றிய தேங்காய் ஓடாக எடுங்கள், விளிம்பைத் தரையில் தேய்த்து மழுக்கிவிடுங்கள்.

உருள்வதும் இதோடு சேர்ந்ததுதான். கோரைப்பாயில் படுக்க வைத்து, கைகளைத் தலைக்கு மேல் நீட்டச் சொல்லி, கோயிலில் அங்கப்பிரதட்சணம் செய்வது மாதிரி பக்கவாட்டில் உருளச் சொல்லுங்கள். குட்டிக்கரணம் வேண்டாம், கழுத்துக்கு ஆகாது.

எறிவதும் பிடிப்பதும்

இதில்தான் பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் அதிகம். அண்ணன் தம்பியோடு கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு திரிகிற பையன் நாலு வயதில் நன்றாக எறிவான். அதே வயதுப் பெண் பிள்ளைக்கு முழங்கையை மட்டும் ஆட்டி முன்னால் தட்டிவிடத்தான் தெரியும். பிறவியில் வந்த வித்தியாசம் என்று ஊரில் நினைக்கிறார்கள். ஒருத்தன் கையில் தினமும் பந்து இருக்கிறது, இன்னொருத்தி கையில் யாரும் கொடுத்ததில்லை. நான் கொடுத்துப் பார்த்த பெண் பிள்ளைகள் ஒரு பருவத்தில் டின்னைக் கீழே சாய்த்திருக்கிறார்கள்.

டின் என்றது அந்த எண்ணெய் டின்னைத்தான். பூவரச மரத்தடியில் வைத்து, பத்தடி தள்ளிக் கோடு போட்டு, "சத்தம் கேட்கணும், ஆயாம்மா சமையல்கட்டில இருந்து ஓடி வரணும்" என்பேன். ஓங்கி எறிந்தால்தான் சத்தம் வரும். ஓங்கி எறிய நினைத்தால் கை பின்னால் போகும், உடம்பு திரும்பும், கால் முன்னால் வரும். சின்ன வட்டம் வரைந்து அதற்குள் எறியச் சொன்னால் இதெல்லாம் கெட்டுவிடும். பிள்ளை குறி தவறாமல் இருக்க வேண்டும் என்று கையைச் சுருக்கிக்கொள்ளும். குறி பார்ப்பது பிறகு வரட்டும், முதலில் வேகம்.

பெரும்பாலான பிள்ளைகள் வலக்கையால் எறியும்போது வலக்காலையே முன்னால் வைப்பார்கள். இதை வாயால் சொல்லித் திருத்த முடியாது. கோட்டுக்கு முன்னால் கோலமாவில் ஒரு பாதம் வரையுங்கள், கிருஷ்ண ஜெயந்திக்குப் போடுவோமே, அந்த மாதிரி. வலக்கைப் பிள்ளைக்கு இடது பாதம், இடக்கைப் பிள்ளைக்கு வலது பாதம். "கிருஷ்ணர் காலை மிதிச்சுட்டு எறி." இடக்கைப் பழக்கத்தை மாற்ற வேண்டாம். எந்தக் கையில் பையை எடுக்கிறதோ அந்தக் கைதான்.

எறிவதைவிடப் பிடிப்பது கஷ்டம், ஏனென்றால் எப்போது வருகிறது என்பதை முடிவு செய்வது பிள்ளை இல்லை. பந்து முகத்துக்கு வரும்போது பிள்ளை தலையைத் திருப்பிக்கொள்கிறது என்றால் அதற்குப் பயம் வந்துவிட்டது. உடனே ஒரு படி பின்னால் வாருங்கள்.

நான் போகிற வரிசை இதுதான். முதலில் தரையில் எதிரெதிரே கால் விரித்து உட்கார்ந்து பெரிய பந்தை உருட்டுவோம். இரண்டு வயதிலேயே செய்யலாம். கண் பந்தைப் பின்தொடரப் பழகும். அடுத்தது நைலக்ஸ் புடவைத் துண்டு. கைக்குட்டைக்கு இரண்டு மடங்கு வெட்டி மேலே வீசினால் ஆடி ஆடி மெதுவாக இறங்கும். பிள்ளைக்கு ஓடிவந்து, நிமிர்ந்து பார்த்து, கையை நீட்ட நேரம் இருக்கும். பலூனும் இதற்கு நல்லதுதான், ஆனால் வெடித்த துண்டைச் சின்னது வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் நடுவில் நான் பலூனை எடுப்பதே இல்லை. அதற்கப்புறம் புளியங்கொட்டைப் பை. மூன்றடி தூரத்திலிருந்து, கீழிருந்து மேலாக, நெஞ்சுக்கு நேரே போடுங்கள். "பிரசாதம் வாங்குற மாதிரி கையை வை" என்று சொன்னால் எல்லாப் பிள்ளைக்கும் புரியும், இரண்டு கையும் சேர்ந்து குழியும். பந்து கையில் பட்டுத் தெறித்துப் போகும், பை போகாது. விழுந்த இடத்தில் சப்பென்று உட்காரும். உங்கள் பின்னால் சூரியன் இருந்தால் பிள்ளைக்குக் கண் கூசும், இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நாலு வயதில் பெரிய பந்தை அநேகமாகப் பிடித்துவிடுவார்கள். அதுவரை நெஞ்சோடு அணைத்துத்தான் பிடிப்பார்கள், அதுவும் பிடித்ததுதான்.

எங்கள் மையத்தில் ஒரு பிள்ளைக்குப் பிறவியிலேயே ஒரு கால் பலம் குறைவு. குதிக்கிற வரிசையில் அவள் சாக்கில் உட்கார்ந்து பார்ப்பாள். எறிகிற நாளில் டின்னை அவள் உட்கார்ந்த இடத்துக்கு எதிரே வைப்பேன், மற்ற பிள்ளைகளும் உட்கார்ந்துதான் எறிய வேண்டும். அன்று அவளை ஜெயிக்க ஆள் கிடையாது.

உதைப்பதற்கு அதிகம் சொல்ல வேண்டாம். பந்தை அசையாமல் வைத்து, ஒரு எட்டுப் பின்னாலிருந்து வந்து உதைக்கச் சொன்னால் போதும். அடிப்பதற்கு, பந்தை வெங்காய வலைப்பையில் போட்டு மரக்கிளையில் பிள்ளையின் இடுப்பு உயரத்தில் தொங்கவிட்டு, பனையோலை விசிறியால் அடிக்க விடுங்கள். ஒருவர் அடிக்கும்போது மற்றவர்கள் நாலு எட்டு தள்ளி நிற்க வேண்டும். கிட்டிப்புள் எல்லாம் எட்டு வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டம், நொண்டி, குதிரை

ஓட விட்டால் ஓடுவார்கள். நிற்கத்தான் பழக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் தட்டுவேன். சத்தம் கேட்கும்வரை ஓட்டம், நின்றால் சிலை. முதல் நாள் ஒருவர்மேல் ஒருவர் போய் மோதுவார்கள். அதனால் முதலில் நடையாக, பிறகு வேக நடையாக, ஒரு வாரம் கழித்து ஓட்டமாகச் செய்யுங்கள்.

கல்லா மண்ணா இதற்கென்றே செய்த விளையாட்டு. திடீரென்று திரும்ப வேண்டும், ஏற வேண்டும், இறங்க வேண்டும், ஆள் வருவதைப் பார்க்க வேண்டும். ஒரு மாற்றம் மட்டும் செய்துகொள்ளுங்கள். பிடிபட்ட பிள்ளையை வெளியே உட்கார வைக்காமல், பிடிக்கிறவரோடு சேர்த்துவிடுங்கள். முதலில் பிடிபடுவது மெதுவாக ஓடுகிற பிள்ளைதான், அதிகம் ஓட வேண்டியதும் அதுதான்.

நொண்டி நாலு வயதுக்கு மேல். சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு, பிறகு கையை விட்டு. பாண்டிக் கட்டத்தைப் பெரிதாகவும் நாலைந்து மட்டுமாகவும் போடுங்கள். ஒரு சுதந்திர தினத்துக்கு நான் நொண்டிப் பந்தயம் வைத்தேன். முந்த நினைத்த பிள்ளை குப்புற விழுந்து முன்பல் இரண்டு போயிற்று. என் தவறு அது. ஐந்து வயது வரை எதிலும் பந்தயம் வைப்பதில்லை என்று அன்று முடிவு செய்தேன், இன்றுவரை வைக்கவில்லை.

ஒரு கால் முன்னாலேயே இருக்க, பின்னங்கால் அதைத் துரத்துகிற குதிரை ஓட்டத்துக்கு அய்யனார் கோயில் மண் குதிரையைக் காட்டினால் போதும். நண்டு மாதிரி பக்கவாட்டில் போவதும் இதற்குத் தங்கைதான். ஒரு எட்டு, ஒரு துள்ளல் என்று மாற்றி மாற்றிப் போகிற நடை ஐந்து ஆறு வயதில் வரும், அவசரம் வேண்டாம்.

எவ்வளவு நேரம்

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு என்று ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. 3, 4 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 180 நிமிஷமாவது உடல் அசைவு வேண்டும், அதில் 60 நிமிஷமாவது மூச்சு வாங்குகிற மாதிரி இருக்க வேண்டும், போன், டிவி ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. மூன்று மணி நேரமா என்று மலைக்காதீர்கள். தண்ணீர்க் குடத்தோடு நடப்பது, கோழி துரத்துவது, படி ஏறுவது எல்லாம் கணக்கில் சேரும். நீங்கள் உட்கார்ந்து பழக்க வேண்டியது பத்துப் பத்து நிமிஷமாக இரண்டு மூன்று தடவைதான். பிள்ளை முகம் வாடினால் அதோடு நிறுத்திவிடுங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வெளியே விட முடியாது. அந்த மாதங்களுக்குத்தான் நைலக்ஸ் துண்டும் கோரைப்பாயும் தலையில் வைக்கிற பையும். ஒரு தாழ்வாரம் இருந்தால் போதும்.

இன்னும் நடக்காத பிள்ளையைச் சக்கர வாக்கரில் உட்காரவைக்கும் பழக்கம் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அதில் பிள்ளை தன் எடையைத் தான் தாங்குவதில்லை, படியில் உருண்டு விழுகிற ஆபத்தும் உண்டு. கனடாவில் 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். பழைய மர நடைவண்டி நல்லது, பிள்ளை தானே நின்று, தானே தள்ள வேண்டும்.

ஒருவர் வேகமாகவும் ஒருவர் மெதுவாகவும் வருவது சகஜம். ஆனால் ஒன்றரை வயதாகியும் தனியாக நடக்கவில்லை, எப்போதும் நுனிக்காலிலேயே நடக்கிறது, ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் பயன்படுத்துகிறது, முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லை என்றால் விளையாட்டால் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது. அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு தடவை வருகிற குழந்தைகள் நலப் பரிசோதனைக் குழுவிடம் காட்டுங்கள், அதற்கு முன்னால் என்றால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம். காது கேட்பதையும் கண் பார்வையையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். பந்தைப் பிடிக்க வராத பிள்ளை ஒன்றுக்குக் கண்ணாடி போட்டதும் பிடிக்க வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பை தைப்பது

பழைய ஜாக்கெட் துணியோ பாவாடைத் துணியோ, கெட்டியாக இருக்கட்டும். அரைச் சாணுக்கு அரைச் சாண் என்று இரண்டு சதுரம், தையலுக்கு ஒரு விரல்கடை கூடுதல். மூன்று பக்கம் தைத்துத் திருப்பி, இரண்டு கைப்பிடி புளியங்கொட்டை போடுங்கள். முழுக்க நிரப்பக் கூடாது. முக்கால்வாசி இருந்தால்தான் தலையில் வழிந்து உட்காரும், கையிலும் தளர்ந்து அமரும். கொட்டையை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்தால் வண்டு வராது. நாலாவது பக்கத்தை இரட்டைத் தையல் போட்டு, அந்தப் பையை அதே மாதிரி இன்னொரு பைக்குள் போட்டு மறுபடி தையுங்கள். ஒரு தையல் விட்டால் கொட்டை மூக்குக்குள் போகும், ஒரு தடவை போய் நீடாமங்கலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். வாரம் ஒருமுறை எல்லாப் பையின் தையலையும் இழுத்துப் பாருங்கள்.

ஒரு பிள்ளைக்கு ஒரு பை இருக்க வேண்டும். ஒன்றையே பத்துப் பேர் பங்கிட்டால் ஒன்பது பேர் நின்றுகொண்டிருப்பார்கள். படியில் நின்ற பையனின் அம்மா புரட்டாசியில் 12 பை தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார், எல்லாம் மஞ்சளும் சிவப்புமாக. அந்த நிறமே எடுங்கள். பச்சைத் துணியில் தைத்தால் புல்லில் விழுந்ததைத் தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும்.